இரும்பு ஆறும் விதம்

உலையில் இரும்பு உருகித் தயாரானதும் நேராக அச்சில் ஊற்றிவிட மாட்டோம். ஒரு கரண்டி இரும்பை எடுத்து, ஆப்பு வடிவத்தில் செய்து வைத்திருக்கும் சிறிய மண் அச்சில் முதலில் ஊற்றுவோம். உறைந்து சிவப்பு மங்கியதும் தண்ணீரில் போட்டுக் குளிரவைத்து, சுத்தியலால் அடித்து உடைப்போம். உடைந்த முகத்தில் கூர்முனைப் பக்கம் வெள்ளையாகப் பளபளக்கும். தடித்த பக்கம் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெள்ளை எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்துத்தான், ஊற்றலாமா அல்லது இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்வோம். வெட்ஜ் டெஸ்ட் என்று பெயர்.

கோவையின் பவுண்டரிகளில், அதாவது இரும்பு வார்க்கும் ஆலைகளில், என் வேலைக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. மனிதர்களைப் பற்றி நான் அங்கே கற்றதில் பாதி, இந்த உடைந்த துண்டிலேயே இருக்கிறது. ஒரே கரண்டி இரும்பு, ஒரே அச்சு, ஒரே நிமிடம். ஆனாலும் ஒரு முனை கண்ணாடியாக நொறுங்குகிறது, மறுமுனை கடைசல் உளிக்கு இணங்கி வருகிறது. வித்தியாசம் ஆறும் வேகத்தில் மட்டும்தான். கூர்முனையில் சூடு சட்டென்று ஓடிவிடுகிறது. இரும்புக்குள் இருக்கும் கார்பனுக்குப் பிரிந்து வர நேரம் கிடைப்பதில்லை. இரும்போடு பிணைந்து கார்பைடாக இறுகிவிடுகிறது. அதுதான் வெள்ளை இரும்பு. தடித்த பக்கம் மெதுவாக ஆறுவதால் கார்பன் நிதானமாகப் பிரிந்து கிராஃபைட் இழைகளாகப் படர்கிறது. அதிர்வை வாங்கி அடக்குவது இந்த இழைகள்தான். லேத் இயந்திரத்தின் படுகையை இன்றும் சாம்பல் வார்ப்பிரும்பில் செய்வதற்கு முக்கியக் காரணம் இது.

"அவன் அப்பாவை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி" என்று பேசுகிறோம். பள்ளிக்கூடம் பிள்ளைகளை வார்க்கிறது, ராணுவம் ஆட்களை வார்க்கிறது என்கிறோம். அச்சு உருவத்தைக் கொடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குணம் வருவது அச்சுக்குள் போன பிறகு, ஆறுகிற விதத்தில். ஆளை உருவாக்குகிறோம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அச்சோடு நின்றுவிடுகிறார்கள். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு, எந்தக் கம்பெனி என்பதில் காட்டும் அக்கறையை, சேர்ந்தபின் வரும் முதல் சில மாதங்களில் காட்டுவதில்லை.

எங்கள் ஊரில் இந்தத் தொழில் வேர் பிடித்த கதையும் சுவாரசியமானது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் வேண்டியிருந்தது. கிணற்று நீரை இறைக்க மோட்டாரும் பம்பும் வேண்டியிருந்தது. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, பிற்பாடு அரசூர் என்று பவுண்டரிகள் பரவின. இன்று நீங்கள் எந்தத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றாலும், அங்கே ஓடும் பம்பின் உடல் எங்கள் பக்கத்து மண் பெட்டியில் ஊற்றியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இரும்பைச் சூடாக இருக்கும்போதே அடிக்க வேண்டும் என்று வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்வார்கள். பையன் சின்ன வயதாக இருக்கும்போதே கண்டித்து வை, புது ஆளை ஆரம்பத்திலேயே தட்டி வை என்பதற்கு இதுதான் ஆதாரம். அது கொல்லுப்பட்டறைச் சொல். அங்கே இருப்பது கார்பன் குறைந்த இரும்பு. காய்ச்சி அடித்தால் நீளும், வளையும். வார்ப்பிரும்பில் கார்பன் மூன்று சதவீதத்துக்கும் மேல். அதைச் சூட்டோடு அடித்தாலும் உடையும், ஆறிய பிறகு அடித்தாலும் உடையும். வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் கைதவறிப் போட்டவர்களுக்கு இது தெரியும். எல்லா இரும்பும் சம்மட்டிக்கு உரியதல்ல. எதிரில் நிற்பவர் எந்த இரும்பு என்று பார்க்காமல் அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடித்தது நல்லதற்குத்தான் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள், அதுதான் வருத்தம்.

ஒரு பவுண்டரியில் நான் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒடிசாவிலிருந்து ஒரு பையன் ஹெல்பராக வந்தான். கை சுறுசுறுப்பு. பெட்டியில் மண் இடிப்பதை ஒருமுறை பார்த்தாலே அப்படியே செய்வான். ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகத்தில் அவனை வந்த வாரமே இரவு ஷிப்டில், உருகிய இரும்பு ஊற்றுகிற இடத்தில் நிறுத்தினார்கள். மொழி தெரியாது, உருகிய இரும்பை ஏந்தி ஊற்றும் லேடிலின் சூடு பழக்கமில்லை. எதற்கெடுத்தாலும் சத்தம். ஒரு மாதத்தில் பையன் ஆளே மாறிவிட்டான். சொன்ன வேலையை முறைத்தபடி செய்வான், யாரோடும் பேச மாட்டான். "இவன் கெட்டிக்காரன், உரம் ஏறிட்டான்" என்று சிலர் பாராட்டினார்கள். எனக்கு வெட்ஜின் வெள்ளை முனைதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளில் ஒரு சின்னப் பேச்சுக்குக் கையிலிருந்த கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வேகமாக ஆறியதன் கடினத்தை நாம் உறுதி என்று எண்ணிக்கொள்கிறோம். உறுதியான இரும்பில் உளி ஏறும், அடி விழுந்தால் கொஞ்சம் தாங்கும்.

ஆனால் கடினமே கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டை வார்க்கும் பவுண்டரிகளில் ஒரு வேலை நடக்கும். அந்தத் தண்டில் உரசித் தேயும் இடங்கள் சில உண்டு, முட்டை வடிவப் பகுதிகள். அச்சில் அந்த இடங்களில் மட்டும் மண்ணுக்குப் பதில் இரும்புக் கட்டிகளைப் பதித்து வைப்பார்கள். சில் என்று சொல்வோம். உருகிய இரும்பு அதைத் தொட்டதும் அந்த இடம் மட்டும் சட்டென்று ஆறி வெள்ளையாக இறுகும். தண்டின் மற்ற பகுதி சாம்பல் இரும்பாகவே இருக்கும். உரசும் இடத்தில் தேயாது, திருகும்போது முறியாது. கண்டிப்பு எங்கே வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது உதவியிருக்கிறது. பவுண்டரியில் ஈர லேடிலில் இரும்பு ஊற்றக் கூடாது; ஈரம் ஆவியாகி வெடித்தால் உயிர் போகும். கண்ணாடி, காலணி இல்லாமல் உலைப்பக்கம் வரக் கூடாது. இந்த இரண்டு மூன்று விஷயங்களில் முதல் நாளே சில் வைத்துவிடுவேன், சமாதானமே கிடையாது. மண் சரியாக இடிக்கவில்லை, கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட அச்சுக்குள் வைக்கும் மண் உரு) நொறுங்கிவிட்டது என்பதற்கெல்லாம் குரல் உயர்த்துவதில்லை. எல்லா இடத்திலும் கண்டிப்பாக இருக்கிற மேற்பார்வையாளரின் கீழ், ஆட்கள் எது உயிர்ப் பிரச்சினை, எது சின்னப் பிழை என்று பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ரைசர். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்குகிற இடத்துக்கு மேலும் உலோகம் வந்து நிரப்பாவிட்டால் உள்ளே பொள்ளல் விழும். அதற்காக அச்சில், வார்க்கிற பொருளுக்குப் பக்கத்திலோ மேலேயோ கூடுதலாக ஓர் உலோகத் தேக்கம் வைப்போம். அதுதான் ரைசர். ஒரே விதிதான் அதற்கு: காஸ்டிங், அதாவது வார்க்கிற பொருள், உறைந்து முடிந்த பிறகுதான் ரைசர் உறைய வேண்டும். காஸ்டிங் கேட்கும்வரை கொடுக்க, அது கடைசிவரை சூடாக இருக்க வேண்டும். ரைசர் முந்தி உறைந்துவிட்டால், அதன் உள்ளே விழ வேண்டிய பொள்ளல் காஸ்டிங்குக்குள் விழும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, பெட்டி உடைத்ததும் காஸ்டிங்கைப் பார்ப்பதற்கு முன் ரைசரின் தலையைத்தான் பார்ப்பார். அது ஆழமாகக் குழிந்திருந்தால் முகம் மலரும். "கொடுத்திருக்குதுங்க தம்பி, நல்லாக் கொடுத்திருக்குது" என்பார். ரைசர் தலை மட்டமாக, முழுசாக இருந்தால், "இது எங்கயோ உள்ள வாங்கியிருக்கும், பிரஷர் டெஸ்டுல பாருங்க" என்பார். பம்பு உடலில் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதிக்கும்போது பெரும்பாலும் அவர் சொன்ன இடத்தில்தான் கசியும்.

என் அக்கா எனக்கு ரைசராக இருந்தார். அப்பா போன பிறகு மில் வேலைக்குப் போய் என்னை டிப்ளமோ படிக்க வைத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, தலையெடுத்த பிறகுதான் தன் வாழ்க்கையைப் பற்றி யோசித்தார். அந்தக் குழிவு அவரிடம் இன்றும் இருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் இப்படி இருப்பது நம் ஊரில் புதிதில்லை. ஆனால் அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது போதாது. பவுண்டரியில் ரைசரைத் தட்டி எடுத்த பிறகு அதைத் தூக்கிப் போடுவதில்லை. திரும்ப உலைக்குக் கொண்டுபோய் அடுத்த வார்ப்பில் சேர்ப்போம், அது எங்களுக்குக் கைமுதல். வீடுகளில் ரைசராக நின்றவர்களுக்கு அந்த மறு உருக்கல் கிடைக்கிறதா என்று பாருங்கள். அக்காவுக்குத் தையல் படிக்க ஆசை இருந்தது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. தெரிந்ததும் சேர்த்துவிட்டோம். இப்போது அவருக்கென்று ஒரு மிஷின், ஒரு வருமானம், பேச நாலு பேர் இருக்கிறார்கள்.

ரைசரையும் காஸ்டிங்கையும் இணைக்கும் கழுத்து என்று ஒன்று உண்டு. அதை எவ்வளவு தடிமனாக வைப்பது என்பதில்தான் பாட்டர்ன், அதாவது அச்சுக்கான மாதிரி, போடுபவரின் திறமை. கழுத்து மெல்லியதாக இருந்தால் அது முதலில் உறைந்து அடைத்துக்கொள்ளும்; ரைசரில் உலோகம் இருந்தும் காஸ்டிங்குக்குப் போய்ச் சேராது. ரொம்பத் தடிமனாக இருந்தால், பின்னால் ரைசரைத் தட்டி எடுக்கும்போது காஸ்டிங்கின் சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். என் மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம் இதை நானும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். தினம் மூன்று வேளை போன் செய்து சாப்பாடு முதல் சினேகிதி வரை விசாரிக்கும் பெற்றோர்களின் பிள்ளைகள், விட்டுப் பிரியும்போது எதையோ பிய்த்துக்கொண்டு பிரிகிறார்கள். பணம் மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடும் வீடுகளில், கேட்க வேண்டியபோது பிள்ளைக்கு வாய் வருவதில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நீண்ட போன் என்று வைத்துக்கொண்டோம். நடுவில் அவளாகக் கூப்பிட்டால் எந்த ஷிப்டாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். அவள் இரண்டாம் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்றதை, ரிசல்ட் வந்த அன்றே எங்களிடம் சொன்னாள். அந்தக் கழுத்து சரியாக இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வெளியே அதிகம் பேர் அறியாத ஒரு விஷயம் கந்தகம். வார்ப்பிரும்பில் கந்தகம் கெடுதல். அதிகமானால் இரும்பு நொறுங்கும் தன்மை பெறும். மாங்கனீஸ் சேர்த்து அதைக் கட்டி வைப்பார்கள். கோக் கரியை எரித்து உருக்கும் கியூபோலா உலைக் காலத்தில் அந்தக் கோக்கிலிருந்து கந்தகம் ஏறிக்கொண்டே இருக்கும், அதைக் குறைப்பதே பாடு. பிறகு இண்டக்‌ஷன் உலை வந்தது. ஸ்டீல் ஸ்கிராப்பை உருக்கிக் கார்பன் சேர்க்கிறோம், கந்தகம் மிகவும் குறைந்துவிட்டது. சுத்தமான இரும்பு கிடைத்தது என்று சந்தோஷப்பட முடியவில்லை. சாம்பல் இரும்பில் கந்தகம் 0.05 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், கிராஃபைட் பிரியத் தூண்டுவதற்காக ஊற்றும் முன் நாம் போடும் ஃபெரோசிலிக்கன் சரியாகப் பிடிப்பதில்லை. கிராஃபைட் உருவாவதற்கு முளை வேண்டும். அந்த முளையாக நிற்பது மாங்கனீஸும் கந்தகமும் சேர்ந்த நுண்துகள்கள்தான். ஆகவே எந்தக் கந்தகத்தை விரட்டினோமோ அதையே அளந்து திரும்பச் சேர்க்கிறோம், இரும்பு சல்ஃபைடாக.

எங்கள் பராமரிப்புப் பிரிவில் ஒரு ஃபிட்டர் இருந்தார். எதற்கும் ஒரு கேள்வி. எந்த முடிவையும் முதலில் எதிர்ப்பார். அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றியபோது கூட்டங்கள் அமைதியாக நடந்தன, எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் ஒரு கிரேன் சங்கிலி தேய்ந்திருப்பதை யாரும் சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால் முதல் நாளே சத்தம் போட்டிருப்பார். நல்லவேளை, ஆய்வில் கண்டுபிடித்துவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிதானமான ஒரு சார்ஜ்மேனைப் பக்கத்தில் வைத்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டோம். இருவருமாகச் சேர்ந்தபின் அந்தப் பிரிவு மாதிரி வேலை செய்யும் பிரிவு எங்களிடம் இல்லை. ஒரு குழுவிலிருந்து முரண்டு பிடிப்பவரை எடுத்துவிட நினைக்கும் முன், அவருக்கு ஈடாக நிற்கும் மாங்கனீஸ் யார் என்று யோசித்துப் பாருங்கள். நம் சொந்தக் குறையைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். கோபத்தை அடியோடு துடைத்துவிட்டு வாழ்கிறவர்கள், அநியாயம் நடக்கும் இடத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய காஸ்டிங்குகளைப் பெட்டியிலிருந்து சீக்கிரம் உடைத்து எடுத்தால், மெல்லிய பகுதி முன்னும் தடித்த பகுதி பின்னுமாக ஆறி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. சில நேரம் நாலு நாள் கழித்து ஃபிளைவீலின் ஆரம் தானாக விரிசல் விடும். அந்தக் காலத்தில் இயந்திரப் படுகைகளை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் வெளியே போட்டு வைத்த பிறகே கடைசலுக்கு எடுப்பார்கள். இப்போது உலையில் 500 முதல் 600 டிகிரிவரை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கி அந்த இழுவிசையை விடுவிக்கிறோம். வீட்டில் சாவு நடந்தவர், விபத்தைப் பார்த்தவர், பெரிய ஆபரேஷன் முடித்தவர் என்று யாராவது வேலைக்குத் திரும்பினால் நான் அவரை முதலில் லேசான வேலையில் போடுவேன். "நான் நல்லா இருக்கேனுங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விரிசல் விடுவதற்கு முந்தின நாள் ஃபிளைவீலும் நன்றாகத்தான் இருந்தது.

சரி, ஏற்கெனவே வெள்ளையாக இறுகிவிட்டவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்விதான் என்னை நிறைய நாள் பிடித்து வைத்திருந்தது. திரும்ப உருக்கலாம் என்பது இரும்புக்குச் சொல்லலாம், மனிதரை உருக்க முடியாது. பதில் நான் தினமும் கையில் எடுத்துப் பார்த்த பொருளிலேயே இருந்தது. தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் எல்போ, டீ. பழைய முறையில் அவை முதலில் வெள்ளை இரும்பாகத்தான் வார்க்கப்படுகின்றன, கீழே போட்டால் நொறுங்கும். பிறகு அவற்றை 900 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். உருவம் கொஞ்சமும் மாறாமல், உருகாமல், உள்ளே இறுகிக் கிடந்த கார்பைடு மட்டும் பிரிந்து கிராஃபைட் முடிச்சுகளாகிவிடும். அதன் பிறகு அடித்தால் வளையும், உடையாது. பிரான்ஸில் ரெயோமூர் 1722இலேயே இந்த வழியில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் நியூவார்க்கில் சேத் பாய்டன் 1826இல் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். அப்போதெல்லாம் இதற்கு நாள்கணக்கில் ஆகும்.

எங்கள் கோர் செக்‌ஷனில் ஒரு மூத்த மோல்டர் இருந்தார். சின்ன வயதில் மிக மோசமான இடங்களில் அடி வாங்கித் தொழில் கற்றவர். யாருக்கும் எதையும் சொல்லித்தர மாட்டார், "எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்பார். பல பேர் அவரிடம் உபதேசம் பேசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. உபதேசம் ஒரு நிமிடச் சூடு. வெள்ளை இரும்பில் சட்டென்று சூடேற்றினால் விரிசல்தான் விடும். நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணமானது. அவரை மாற்றாமல் ஒரே ஷிப்டில் வைத்தோம். ஒரே ஹெல்பரையே அவரோடு போட்டோம், பொறுமைசாலியான பையன், அவனையும் மாற்றவில்லை. மதியம் மூவரும் ஒரே இடத்தில் சாப்பிட்டோம். அவர் செய்த கோர் நன்றாக இருந்தால் அதை அந்த இடத்திலேயே சொன்னேன், கூட்டத்தில் சொல்லவில்லை. நடுவில் ஒரு மேலதிகாரி அவசரப்பட்டு அவரை நைட்டுக்கு மாற்றியதும் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டது, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மாதங்கள் போயின. ஒரு நாள் அந்தப் பையனுக்கு அவராகவே, வென்ட் கம்பியை எந்தக் கோணத்தில் குத்தினால் வாயு சுலபமாக வெளியேறும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது புதிதாக ஹெல்பர்கள் வந்தால் முதலில் அவரிடம்தான் அனுப்புகிறோம். மூன்று மாதம் கோர், பிறகு மண், அதற்கும் பிறகே ஊற்றும் பக்கம். மூன்று மாதம் முடிந்ததும் அவரைக் கேட்காமல் யாரையும் உலைப்பக்கம் மாற்றுவதில்லை. "இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுமுங்க" என்று அவர் சொன்னால், ஆர்டர் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அந்தப் பையன் அங்கேயே இருப்பான்.